தெற்கு பஜார் அக்காவுக்கும் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

ஃப்ரீஸ்பேஸ் 2 என்ற விண்வெளிச் சண்டை கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக நம் கிளப் உருவாக்கிய மிஷன்கள், அதாவது ஆட்டக் கட்டங்கள், வெள்ளத்தில் போய்த் திரும்பக் கிடைத்துவிட்டன. எல்லாமே இல்லை, ஆனால் கப்பல்களுக்கு நம்மூர் அணைகளின் பெயர் வைத்த அணைக்கட்டு வரிசை முழுதாக வந்துவிட்டது. நேற்று ராத்திரி அதன் கடைசி மிஷனை ஓட்டிப் பார்த்தேன். சரக்குக் கப்பல்கள் ஒவ்வொன்றாகத் தாவி மறைந்ததும் வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை, இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மார்கழி வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்ல? சிந்துபூந்துறையில் தண்ணீர் எதுவரை ஏறியது, யார் வீட்டில் என்ன போனது என்பதெல்லாம் நீங்கள் உடனிருந்து பார்த்ததுதான். கம்ப்யூட்டர் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஃப்ரீஸ்பேஸ் 2 விளையாட்டையும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். 1999இல் வந்தது அது. 2002இல் மூல நிரலை வெளியிட்டதிலிருந்து எங்கெங்கோ இருக்கும் ஆர்வலர்கள் அதைச் சாகவிடாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் மிஷன் அமைப்பதற்கென்றே அந்த விளையாட்டோடு வரும் ஃப்ரெட் எடிட்டரில் நாம் கூடி உருவாக்கிய மிஷன்கள் வேறு யாரிடமும் இல்லை. மணிமுத்தாறு, சேர்வலாறு, காரையாறு என்று கப்பல்களுக்குப் பெயர் வைத்து, எந்த நேரத்தில் எந்த அணி எந்தப் பக்கமிருந்து பாயவேண்டும் என்று ஞாயிறுதோறும் சண்டை போட்டுத் தீர்மானித்தவை அவை.

சேற்றை வாரிக்கொட்ட மண்வெட்டியோடு வந்த தம்பிமார், தன் மடிக்கணினியை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன மேலப்பாளையத்து நண்பர், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அலசி என்னென்னவோ செய்து பார்த்து, கடைசியில் கண்ணில் நீரோடு திருப்பித் தந்த ஜங்ஷன் மெக்கானிக் அண்ணன், மாடி அறையைக் கிளப்புக்கு ஒழித்துத் தந்த பெருமாள்புரத்துச் சார், எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சோறு வடித்த பக்கத்துத் தெரு அத்தை, உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. தனித்தனியாக நேரில் வந்தும் சொல்வேன்.

இனி அக்காவைப் பற்றி. பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாளையங்கோட்டை தெற்கு பஜார் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறார் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

ஃப்ரெட்டின் மிஷன் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறந்தே படிக்கலாம். அதில் நிகழ்வுகள் பகுதி முழுக்க அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக இருக்கும். இந்தக் கப்பல் அழிந்தால், இத்தனை நொடி கழிந்தால், இந்தச் செய்தி ஒலிக்கட்டும், அந்த அணி வரட்டும் என்று அடுக்கடுக்காகப் போகும். எடிட்டர் ஜன்னலில் ஒரே பார்வையில் பிடிபடாது என்பதால் நான் அதைத் தாளில் எடுத்துப் பென்சிலால் சரிபார்ப்பது வழக்கம். அப்படி எடுத்து வைத்த கட்டு பரணில் கிடந்தது. ஈரம் அதையும் விடவில்லை. ஓரங்கள் கிழிந்து, சில பக்கங்களில் மை பரவியிருந்தது. ஸ்கேன் செய்து எழுத்தைப் பிரித்துப் பார்த்தோம். அடைப்புக்குறியும் எழுத்தும் ஒன்றோடொன்று குழம்பித்தான் வந்தன.

தாள்கள் மேலும் கெடுவதற்குள் நகல் எடுத்துவிடலாம் என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன். வேறு எந்த எண்ணமும் இல்லை. நிவாரண மனு, தொலைந்த பத்திரம், நனைந்த மார்க்‌ஷீட் என்று கடை வாசலில் கூட்டம் நின்றது. அக்கா கட்டை வாங்கிப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி, இதுல மணிமுத்தாறு, சேர்வலாறுன்னுலாம் வருதே, எதும் அணைக்கட்டு வேலையா?" என்று கேட்டார். விண்வெளியில் கப்பல்கள் சண்டை போடுகிற விளையாட்டு என்று விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "வச்சிட்டுப் போங்க, கடை அடைச்ச பிறவு அடிச்சுத் தாரேன்" என்றார். அவசரமில்லை, மனுக்களெல்லாம் முடியட்டும் என்றதற்கு, "அது பகல்ல. இது ராத்திரி" என்று முடித்துவிட்டார்.

ஒரு வாரத்துக்குள் பென் டிரைவில் வந்தது. அதோடு என் பழைய தாள்களையும் வரிசைப்படுத்தி, பழைய செய்தித்தாளுக்கு இடையில் வைத்துக் காயவைத்துத் திருப்பித் தந்தார். ஒரு பக்கத்தின் கிழிந்த ஓரத்தில் பென்சிலால் சின்ன வட்டம் போட்டு எழுதியிருந்தார்: "இங்க ஒரு குறி குறையுதோ? மேல உள்ளதுக்கெல்லாம் முடிவுல நாலு இருக்கு. நானா சேக்கல."

சரியாக அந்த இடம்தான் குண்டுவீச்சு அணி வந்துசேரவேண்டிய நிகழ்வு. ஒரு மூடும் குறி இல்லாமல் போனால் அந்தக் கோப்பை விளையாட்டு ஒழுங்காகப் படிக்காது. ஆங்கிலமும் நிரலும் தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று சொல்கிற ஒருவர், நாள் முழுக்க மனு அடித்த கையோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குறிகளை எண்ணியிருக்கிறார். எண்ணியதோடு விடாமல், தெரியாததைத் தானாக நிரப்பக்கூடாது என்ற கவனத்தோடு எனக்காகக் குறித்தும் வைத்திருக்கிறார். அந்தப் பென்சில் வரியைப் பார்த்ததும் கடையிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

காசு எவ்வளவு என்று கேட்டேன். "வெள்ளத்துல போனதுக்கு நான் காசு வாங்கதில்ல" என்றார். பிறகு, "இந்த மணிமுத்தாறு கடைசில தப்பிச்சிருமா தம்பி?" என்று கேட்டார். அது ஓட்டுகிறவர்கள் கையில் இருக்கிறது அக்கா என்றேன்.

மிஷன் அமைப்பதில் எனக்குப் பிடித்ததே, முகம் தெரியாத ஒருவர் எந்த நேரத்தில் எங்கே பார்ப்பார், எப்போது களைப்பார், எப்போது அவருக்கு ஒரு துணை அணி தேவைப்படும் என்று முன்கூட்டி யோசிப்பதுதான். அந்த யோசனை எனக்குத் திரையில் மட்டும்தான் வாய்த்திருந்தது. அக்கா அதை ஒரு டைப்பிங் மேசையில் எனக்காகச் செய்தார். இனி இன்னொருவர் வேலை என் கைக்கு வரும்போது அந்தப் பென்சில் வட்டம் போடுகிற பொறுமையோடு பார்ப்பேன். முடிந்த ஒவ்வொரு மிஷனுக்கும் பிரதி இனிமேல் தென்காசி, நாகர்கோவில் நண்பர்களிடமும் இருக்கும். தாளில் எடுப்பது மட்டும் அக்கா கடையில்தான்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெருமாள்புரத்து மாடியில் அணைக்கட்டு வரிசையை முதலிலிருந்து ஓட்டுகிறோம். அக்கா மகனோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆல்ஃபா ஒன்று, அதாவது முதல் விமானியின் இருக்கை, அந்தப் பையனுக்கு. மற்றவர்கள் மணிமுத்தாறுக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள், குண்டுவீச்சு அணி இந்தத் தடவை கட்டாயம் வரும்.