கல்லடியில் தொடங்கிக் கல்லடியில் முடிந்தது: மட்டக்களப்பு நடைக்குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் போசகர் ஐயாவுக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற வருட அறிக்கை ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. காலையில் கல்லடிக் கடற்கரையில் நடந்தோம், மழை நாட்களில் நடக்கவில்லை, கூட்டம் வைத்தோம், தேத்தண்ணி குடித்தோம். இம்முறை ஒள்ளுப்பம் நீளும். கதிரையில் வசதியாக இருந்துகொள்ளுங்கள்.

விஷயம் தொடங்கியது சென்ற பொதுக்கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலின் கடைசியில் வருகிற ‘வேறு விடயங்கள்’ என்ற இடத்தில். நமது ஓய்வுபெற்ற ஆசிரியர் எழும்பி, “மட்டக்களப்பு நகரம் எதோட முடியுது?” என்று கேட்டார். ஊறணியோடு என்றார் ஒருவர். இல்லை, பிள்ளையாரடி வரை என்றார் இன்னொருவர். ‘டவுனுக்குப் போய்வாறன்’ என்று சொல்லிப் பாலம் கடக்கிற கல்லடிக்காரர் சிலர், தாங்கள் நகரத்துக்கு வெளியே இருப்பதாகவே அதுவரை நினைத்திருந்தார்கள். டவுன் நடுவிலிருக்கிற புளியந்தீவில் பிறந்த உபதலைவரோ, பாலத்துக்கு அப்பால் எல்லாம் கிராமம்தான் என்ற கொள்கையில் இன்றும் உறுதியாக இருக்கிறார். கடைசியில், மாநகர எல்லையை முழுதாக நடந்தே பார்த்துவிடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் முழங்கால் வலியென்று ஒரு நாளும் வரவில்லை என்பதையும் இங்கே பதிகிறேன்.

வரைபடத்தை விரித்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. கிழக்கே கடல். தெற்கே மஞ்சந்தொடுவாய் முடிகிற இடத்தில் காத்தான்குடி. மேற்கே வாவியைத் தாண்டித் திமிலைதீவு, வீச்சுக்கல்முனை, சேத்துக்குடா எல்லாம் மாநகர சபைக்குள் வருகின்றன. வலையிறவுப் பாலத்துக்கு அப்பால்தான் வவுணதீவு. வடக்கே சத்துருக்கொண்டான், அதைத் தாண்டினால் தன்னாமுனை. எல்லைக்கோடு பல இடங்களில் தண்ணீருக்குள்ளால் போகிறது. 56 கிலோமீற்றர் நீளமான வாவியில் கோடு கீறுவது பேனைக்கு இலகு, காலுக்கு இல்லை. ஆகவே நிர்வாகசபை ஒரு விதி வைத்தது: எல்லைக்குக் கிட்ட, கால் வைக்கக்கூடிய கடைசி இடத்தால் நடப்பது.

அடுத்து எந்தப் பக்கத்தால் சுற்றுவது என்ற விவாதம். ஊர் வலக்கைப் பக்கம் இருக்க, கோயிலை வலம் வருவது போலத்தான் போகவேண்டும் என்று மூத்தவர்கள் நின்றார்கள். மாதா கோயில் சுற்றுப்பிரகாரம் போய்ப் பழகிய நமது தாண்டவன்வெளி அங்கத்தவர்கள், கால் நோகப்போவது இரண்டு பக்கத்தாலும் ஒன்றுதானே என்று விட்டுக்கொடுத்தார்கள். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். மாரி வெள்ளம் வடிந்த பிறகு மாசியில் தொடங்கி, சித்திரை வருடப்பிறப்புக்கு முன் முடிப்பதாகத் திட்டம். முடித்தோம்.

முதல் நாள் காலை ஐந்தரைக்குக் கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயிலடியில் 23 பேர் கூடினோம். கடற்கரையால் தெற்கே போனது எல்லா நாளிலும் சுகமான நடை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், “சும்மா நடக்கிற கால்தானே, ஒரு கை பிடியுங்க” என்றதும் அரை மணித்தியாலம் அங்கேயே போய்விட்டது. மஞ்சந்தொடுவாயில் கடலை விட்டு உள்ளே கிறுகி, ஒழுங்கை ஒழுங்கையாக எல்லையைத் தேடினோம். இரண்டு ஊருக்கும் நடுவில் வெறுங்காணி ஒரு துண்டு கிடையாது. மதிலுக்கு மதில் ஒட்டிய வீடுகள், ஒரே மாதிரிக் கேற். தேத்தண்ணிக் கடைக் காக்காவிடம் (முஸ்லிம் அண்ணனிடம்) கேட்டோம். “இந்தப் பக்கம் நகரசபை, அந்தப் பக்கம் மாநகரசபை. குப்பைக்கு வாற நாள் மட்டும்தான் வேற, மழை வந்தா ரெண்டு பக்கமும் ஒண்டாத்தான் தாழும்” என்றார். வரைபடத்தைவிட அது விளங்கியது. இஞ்சித் தேத்தண்ணிக்குக் காசும் வாங்கவில்லை.

இரண்டாம் நாள் மஞ்சந்தொடுவாய் வாவிக்கரையிலிருந்து வீச்சுக்கல்முனைப் பக்கம் போகவேண்டும். நடுவில் வாவி. கல்லடிப் பாலத்தால் போய் டவுனைச் சுற்றி வந்தால் நகரத்தின் நடுவால் நடந்ததாகிவிடும். வேறு வழியில்லாமல் மெசின் பூட்டிய தோணியில் மூன்று தடவையாக ஏறி இறங்கினோம். அக்கரை வேறு உலகம். கண்டல் வேர், சேறு, தெப்பம் போல வரிசையாகக் கட்டிக்கிடந்த தோணிகள், காயப்போட்ட வலை. வாவியில் முதலை இருக்கிறது, முழங்கால் தண்ணிக்கு மேல் இறங்கவேண்டாம் என்று தோணிக்காரர் சொன்ன பிறகு, அதுவரை முன்னால் போன இளைஞர்கள் எல்லோரும் மரியாதையாகப் பின்னால் வந்தார்கள். விமான நிலைய வேலியைச் சுற்றி வெயிலில் போனதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. வலையிறவுப் பாலத்தடியில் வீச்சுவலை எறிகிறவர்களைப் பார்த்துக்கொண்டு சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம். பெயரிலேயே வலை இருக்கிற இடம்.

மூன்றாம் நாளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது. டவுன் பக்கத்து வாவிக்கரையால் ஊறணி, பிள்ளையாரடி என்று வடக்கே போவது திட்டம். கடற்கரைப் பக்கம் யாரும் எங்களைத் தடுக்கவில்லை. வாவிக்கரையிலோ நூறு அடிக்கு ஒரு மதில், மதில் முடிகிற இடத்தில் முள்ளுக்கம்பி, கம்பி முடிகிற இடத்தில் கல்லுக்கொட்டி நிரப்பிய காணி. சில மதில்கள் தண்ணீருக்குள்ளேயே கால் வைத்திருக்கின்றன. ஓர் இடத்தில், கரையில் ஒதுக்கு நிலம் இருக்கவேண்டுமே என்று ஆசிரியர் கேட்க, வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் நாயை அவிழ்த்தார். அன்று கரையில் நடந்ததைவிட றோட்டில் நடந்ததுதான் கூட. பாடும் மீனை ஊரின் அடையாளமாக வளைவுகளில் எல்லாம் வைத்திருக்கிறோம். அது பாடுகிற தண்ணீருக்குக் கிட்டப் போக ஒற்றையடிப் பாதை இல்லை. இதை மாநகர சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் கொடுப்பதென்று நிர்வாகசபை முடிவு செய்தது. கடிதத்தின் வரைவு இன்று உங்கள் அனுமதிக்கு வருகிறது.

அன்றே நமது பொருளாளர் அக்கா போத்தல் ஓட்டில் கால் வைத்து நாலு தையல் போட்டார். அடுத்த ஞாயிறும் வந்தார், சைக்கிளில்.

சத்துருக்கொண்டானில் றோட்டோரம் இருக்கிற நினைவுத்தூபியில் நடை நின்றது. 1990 செப்டம்பர் 9 இரவு சத்துருக்கொண்டான், பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் ஊர்களில் கொல்லப்பட்டவர்களின் தூபி. அந்த ஊரவர் ஒருவர் நம்மோடு நடந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றைய நடையை அதோடு முடித்துக்கொண்டோம்.

நான்காம் நாள் பனிச்சையடியால் திராய்மடு. பங்குனி வெயில், நிழலில்லாத வெளி. கோட்டைக்குள் இருந்த கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இப்போது திராய்மடுவுக்கு வந்துவிட்டதால், ஓய்வூதியக்காரர் பலர் தங்கள் கோவை எந்த மாடியில் இருக்குமென்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, தண்ணீர்ப் போத்தல்கள் பதினொரு மணிக்கே முடிந்தன என்பதைத் தவிர.

ஐந்தாம் நாள்தான் இந்த அறிக்கைக்குக் காரணம். திராய்மடுவில் ஓர் அக்கா நம்மோடு சேர்ந்தார். சுனாமிக்கு முன் அவர் நாவலடிக்காரர். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு திராய்மடுவில் குடியேற்றப்பட்ட குடும்பம். கடற்கரையால் பாலமீன்மடு வந்து, 1913இல் கட்டிய வெளிச்சவீட்டின் நிழலில் பிட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். 28 மீற்றர் உயரம், நிழலும் அதற்கேற்ற நீளம். அப்புறம் முகத்துவாரம். எதிரே நாவலடி மணல் கண்ணுக்குத் தெரிகிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். நடுவில் வாவி கடலுக்குப் பாய்கிறது, நல்ல இழுவை.

இங்கேதான் குழு இரண்டாகப் பிரிந்தது. தோணியில் ஏறினால் நடந்து சுற்றியதாகாது, வந்த வழியே திரும்பி அமிர்தகழியால் டவுனுக்குப் போய்க் கல்லடிப் பாலத்தால் வருவோம் என்றது ஒரு பகுதி. அப்படியென்றால் எல்லையை விட்டதாகிவிடும் என்றது மறு பகுதி. ஏற்கனவே மஞ்சந்தொடுவாயில் தோணி ஏறியாயிற்று, இனி என்ன கற்பு என்றார் உபதலைவர். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வலை திருத்திக்கொண்டிருந்த கடற்றொழிலாளி ஒருவர், “ஆவணி புரட்டாதியில வந்திருந்தா, மண் மூடிக் கிடக்கும், வேட்டி நனையாம நடந்து போயிருக்கலாமே” என்றார். கோடையில் மணல் திட்டு வாயை அடைக்கும், மாரி வெள்ளத்துக்கு அதை வெட்டிவிடுவார்கள் என்று இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். திட்டம் போட்ட ஐந்து கூட்டத்திலும் ஒருவருக்கும் அது வாயில் வரவில்லை. செயலாளர் என்ற முறையில் அந்தத் தவறு என்னுடையது.

அக்கா யாரையும் கேட்காமல் தோணியில் ஏறிவிட்டார். பின்னால் எல்லோரும் ஏறினோம். நாவலடியில் இறங்கி சவுக்கு மரங்களுக்குள்ளால் போகும்போது அவர் ஓர் இடத்தில் நின்று, “இதுக்கு நேராத்தான் எங்கட கிணறு” என்றார். நினைவிடத்தில் பூ வைத்தோம். டச்பார் தாண்டித் திருச்செந்தூர் முருகன் கோயிலடிக்கு வந்தபோது பகல் ஒன்றரை.

எத்தனை கிலோமீற்றர் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று போனில் அளந்தோம், மூன்றும் மூன்று கணக்குச் சொல்லின. கரைவலையடியில் நடந்த குறுக்கும் நெடுக்கும் அதில் சேர்ந்திருக்கிறது. எனவே தொகை எழுதவில்லை.

‘மாநகரை நடந்தே சுற்றிய முதல் குழு’ என்று பதாகை அடிக்கவேண்டும் என்பது தலைவர் அவர்களின் விருப்பம். மன்னிக்கவேண்டும், நான் உடன்படவில்லை. இரண்டு இடத்தில் தோணி ஏறியிருக்கிறோம், ஒரு நாள் பெரும்பாலும் றோட்டில் போயிருக்கிறோம், பொருளாளர் ஒரு நாள் சைக்கிள் மிதித்திருக்கிறார். அறிக்கையில் ‘நடந்தும் தோணி ஏறியும் சுற்றினோம்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். திருத்தம் வேண்டுமானால் வாக்கெடுப்புக்கு விடலாம்.

கோட்டையையும் காந்தி பூங்காவையும் தொடாத சுற்று என்ன சுற்று என்று முறையிட்டவர்களுக்காக, சித்திரையில் ஒரு பின்னேரம் புளியந்தீவைத் தனியாகச் சுற்றினோம். தேத்தண்ணி ஆறுமுன் முடிந்துவிட்டது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். சர்க்கரைத் தண்ணிக்கு எலுமிச்சை போதவில்லை, அடுத்த முறை இரட்டிப்பாக எடுக்கவேண்டும். பாடும் மீன் கேட்க முழுநிலாப் போயா இரவில் 1928ஆம் ஆண்டுப் பழைய பாலத்துக்குப் போனோம். பக்கத்துப் புதுப் பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள்தான் பாடின.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தோணிக் கூலி எதிர்பாராத செலவு. முகத்துவாரத்தில் ஏற்றியவர் எண்ணெய்க் காசு மட்டும்தான் வாங்கினார்.

நிர்வாகசபையின் தீர்மானம் ஒன்று உங்கள் முன் இருக்கிறது: வரும் புரட்டாதியில், மண் மூடியிருந்தால், பாலமீன்மடுவிலிருந்து நாவலடிக்கு நடந்து போவது. முதல் நாளே பார்த்துச் சொல்வதாகத் தோணிக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மஞ்சந்தொடுவாய் வாவிக்கு என்ன செய்வது என்று யாருக்காவது யோசனை இருந்தால் ‘வேறு விடயங்கள்’ வரும்போது சொல்லலாம்.

வீச்சுக்கல்முனைத் தோணியில் விடுபட்ட கறுப்புக் குடை ஒன்றும், இடது காற்செருப்பு ஒன்றும் என் வீட்டில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும்.

செயலாளர்