பதினோராவது வரி

எங்கள் ஊர்ப் பெரியோர்களுக்கும், தெருவில் உள்ள எல்லோருக்கும், நூற்பாலையில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

சித்திரையில் எங்கள் வீட்டுக்கு நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அதை இங்கே மறுபடி எழுதவில்லை. என் மனைவி முந்தாநாள் மாலை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டாள். மகனுக்கு ஆறு மாதம் முடிந்திருக்கிறது. நேற்று நிறுத்தபோது 6 கிலோ 800 கிராம் இருந்தான். வளர்ச்சி அட்டையில் அவனுடைய புள்ளி பச்சைப் பட்டைக்குள் வந்துவிட்டது. இந்த மடலை எழுத மனைவியின் சம்மதம் பெற்றேன்.

நன்றி பலருக்கு உரியது. ஆனாலும் எங்கள் அங்கன்வாடி டீச்சர் செய்த ஓர் உதவியை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. தம் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் டீச்சர் என்றே எழுதுகிறேன்.

கைக்குழந்தையோடு ஓர் ஆண் தனியாக எங்கே போய் நின்றாலும் முதலில் வரும் கேள்வி, ‘அம்மா எங்கே?’ என்பதுதான். கேட்கிறவர்கள் மேல் குறையில்லை. ஊசி போடவும் மருந்து எழுதவும் அவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும். ஆனால் துணை சுகாதார நிலையத்தில் ஒருமுறை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை, மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் இரண்டு முறை என்று, ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும், பின்னால் நிற்பவர்கள் காதில் விழும்படி, நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஓரிடத்தில் பாதி சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வீட்டுப் பெண்கள் யாரையாவது அழைத்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது, இனி எந்த வரிசையிலும் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த புதன்கிழமை போட வேண்டியிருந்த 14-ஆம் வாரத்து ஊசிக்கு நான் போகவில்லை.

மறுநாள் பிற்பகல் மூத்தவளை அழைத்துவர மையத்துக்குப் போனேன். டீச்சர் என்னைப் பாயில் உட்காரச் சொன்னார். ஊசி தவறியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நோட்டிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்து, நான் முன்பே அவரிடம் சொல்லியிருந்தவற்றைப் பன்னிரண்டு வரிகளில் எழுதினார்: குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிறந்தபோது என்ன எடை, என்னென்ன மருந்து, தாய் எங்கே இருக்கிறார், ஏன் வர இயலாது. எழுதி முடித்ததும் என் கையில் கொடுத்து, “படிச்சுப் பாருங்க தம்பி. அடுத்தவங்க கண்ணுல படவேண்டாம்னு நினைக்கிற வரி ஏதாவது இருந்தா சொல்லுங்க” என்றார்.

ஒரு வரி இருந்தது. விரலால் தொட்டுக் காட்டினேன். அதைப் பேனாவால் அடித்துக் கொடுத்திருந்தாலே எனக்குப் போதும். அடித்த வரியைப் பார்த்தால் அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றும் என்று சொல்லி, வேறொரு தாள் எடுத்து, மீதிப் பதினொரு வரிகளையும் முதலிலிருந்து எழுதினார். அதுவரையில் உதவியாளர் அம்மா என் மகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். பதினோராவது வரி இது: ‘தகப்பனாரே குழந்தையைக் கவனித்துக்கொள்கிறார். விவரம் தெரிந்தவர். அவரிடமே பேசவும்.’

தாய் சேய் நல அட்டையின் உள்பக்கத்தில் அந்தத் தாளைப் பொருத்திக் கொடுத்து, “இனிமே வாயால சொல்ல வேண்டாம், இதைக் காட்டுங்க” என்றார்.

அடுத்த புதன்கிழமை நான் போனேன். நர்சம்மா தாளைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். பிள்ளையின் காலை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று மட்டும் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அதன் கீழே இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்திட்டார். மையத்துக்குப் பரிசோதனைக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழுவினர் ஒரு வரி எழுதி, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எங்களை அனுப்பினார்கள். அங்கே குழந்தை மருத்துவரும், காது கேட்கும் திறனைச் சோதிப்பவரும், இயன்முறை சிகிச்சையாளரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். பிள்ளையைக் குப்புறப் போட்டுக் கழுத்தைத் தூக்கப் பழக்கும் விதத்தை என் கையைப் பிடித்தே சொல்லிக்கொடுத்தார்கள். அவனுடைய அம்மா எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இன்று அந்தத் தாளில் ஐந்து பேருடைய எழுத்து இருக்கிறது.

மையத்தின் சுவரில் ‘ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம்’ என்று எழுதியிருக்கிறது. மகளை விடப் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டும் நான் அதை நின்று படித்ததில்லை. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஆறு சேவைகள் உண்டு என்று டீச்சர் சொன்னார். அவற்றில் இணை உணவும் தடுப்பூசியும் உடல்நலப் பரிசோதனையும் முன்பருவக் கல்வியும் எனக்குத் தெரிந்தவை. தாய்மார்களுக்குச் சொல்லித்தரும் ஊட்டச்சத்துக் கல்வியையும் கேள்விப்பட்டிருக்கிறேன். மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைத்து அனுப்புவதும் அந்த ஆறில் ஒன்று என்பது புதிதாக இருந்தது. அனுப்புவதற்கு ஒரு சீட்டு போதும். அனுப்பப்படுகிறவன் கூசாமல் அங்கே போய் நிற்கும்படி அனுப்புவது வேறு வேலை. பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும், மதிய உணவு, எடை பார்த்தல், வீடு வீடாகப் போய்வருதல், எல்லாவற்றையும் கைப்பேசிச் செயலியில் பதிதல் என்று ஓய்வில்லாமல் ஓடுகிறவர், ஒரே தாளை இரண்டாம் முறை எழுதக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார் என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

என்னிடமுள்ள அட்டையில் எடைக்கும் ஊசிக்கும் கட்டங்கள் இருக்கின்றன. வீட்டு நிலைமையை எழுத இடமில்லை. அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும். பெற்றோர் படித்துச் சம்மதித்த பிறகே அதில் எழுத வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு அப்படி ஒரு பக்கம் வேண்டும் என்று குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையொப்பமிட விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள்.

மூன்று மாதமும் மூத்தவளுக்குத் தலைவாரி, இரவுச் சோறு ஊட்டிய எதிர்வீட்டு அத்தைக்கும், எனக்குப் பகல் ஷிப்ட் மட்டுமே போட்ட மேஸ்திரி அண்ணனுக்கும், இரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், 108 ஊர்தியில் வந்த இருவருக்கும், வார்டு செவிலியர்களுக்கும், காசு வாங்க மறுத்த ஆட்டோக்கார மாமாவுக்கும், சொல்லாமல் வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிப் போனவர் யாரோ அவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வார ஓய்வு நாளை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாற்றித் தரும்படி ஆலையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மகனுக்கு ஒன்பதாம் மாதத்திலும் அதன் பின்னும் போட வேண்டிய ஊசிகள் இருக்கின்றன. அவன் அம்மா உடல் தேறியதும் இருவருமாகவே கொண்டுபோவோம். அந்த வரிசையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தகப்பனாவது தனியாக நின்றால், அவர் பக்கத்தில் போய் நிற்பேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தகப்பன்