எங்க சபை வேத வாசிப்பு சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

சேகர குரு ஐயா, தலைவர் அண்ணன், கமிட்டி மெம்பர்கள், வந்திருக்கிற அண்ணன் அக்கா தம்பி தங்கச்சி எல்லாருக்கும் இயேசுவின் நாமத்துல ஸ்தோத்திரம். போன ஏப்ரல்ல இருந்து இந்த மார்ச் வரைக்கும் சங்கத்துல நடந்தத எழுதியிருக்கேன். மைக்குல வாசிச்சா பாதிப்பேரு அசன (சபை விருந்து) வேலைக்கு எந்திரிச்சு போயிருவீங்க, அதனால இந்த தடவ குரூப்லயும் டைப் பண்ணி போடுறேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம் எப்பவும் போல சாயங்காலம் ஏழு மணிக்கு நடந்துச்சு, மழை கொட்டுன வாரமும் கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட் வாரமும் மட்டும் இல்ல. நிர்வாகிகள் மாத்தம் இல்ல. கணக்கு பொருளாளர் அண்ணன் தனியா வாசிப்பாரு.

இந்த வருஷம் பெரிய விஷயம்னா வாசிக்கிற முறைய மாத்துனதுதான். முன்னாடி ஒரு வருஷத்துல வேதாகமம் முழுசும்னு சார்ட் போட்டு வச்சிருந்தோம். மொத்தம் 1189 அதிகாரம், வார நாள்ல மூணு, ஞாயித்துக்கிழமை அஞ்சுன்னு போனா முடிஞ்சிரும், கணக்கு என்னமோ கரெக்டுதான். ஆனா ஒண்ணாம் நாளாகமத்துல முதல் ஒன்பது அதிகாரமும் பூரா பேரு பேரா வரும்ல, அந்த வாரம் சார்ட்டுல எல்லாரும் டிக் போட்டிருக்காங்க, என்ன படிச்சீங்கன்னு ஐயா கேட்டா ஒருத்தரும் வாய தொறக்கல. அதுக்கப்புறம்தான் கமிட்டில பேசி, ஒரு புத்தகத்த எடுத்து மெதுவா, சத்தமா, ஆளுக்கு கொஞ்சமா வாசிச்சு, புரியாத எடத்துல நிப்பாட்டி கேக்கலாம்னு முடிவு பண்ணோம். தனியா சார்ட் வச்சு வாசிக்கிறவங்க தாராளமா வாசிங்க, அத யாரும் வேண்டாம்னு சொல்லல.

முதல்ல ரூத், நாலே அதிகாரம், சீக்கிரம் முடிஞ்சுது. அடுத்து எரேமியா எடுத்தோம், அதுலதான் ரொம்ப நாள் நின்னுட்டோம். 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம் நம்ம எல்லார் வீட்டு காலண்டர்லயும் இருக்கு, "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே"ன்னு. வருஷப் பிறப்பு ராத்திரி ஆளுக்கொரு வசனம் போட்ட வாக்குத்தத்த கார்டு எடுக்கும்போது அது வந்தா அந்த வருஷமே நல்லாருக்கும்னு சந்தோஷப்படுவோம். அந்த அதிகாரத்த முதல்ல இருந்து வாசிச்சா, அது பாபிலோனுக்கு சிறையா போனவங்களுக்கு எரேமியா எருசலேம்ல இருந்து எழுதி அனுப்புன லெட்டர். முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி, எரேமியா கழுத்துல கெடந்த நுகத்த ஒடச்சிப் போட்டு, ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பிருவாங்கன்னு சொல்றான், கேக்க எவ்ளோ நல்லாருக்கு பாருங்க. எரேமியா 70 வருஷம் ஆகும்ங்கிறாரு. அது நம்ம கார்டு வசனத்துக்கு ஒரு வசனம் முன்னாடியே இருக்கு, நாம யாரும் அத பாக்குறதே இல்ல.

ரிட்டயர்டு போஸ்ட்மேன் மாமா ஒருத்தர் அன்னைக்கு, "70 வருஷம்னா லெட்டர் வாங்குனவங்கள்ல முக்கால்வாசி பேரு அங்கயேதான செத்திருப்பாங்க, அவங்களுக்கு என்ன சமாதானம்?"னு கேட்டாரு. கூட்டம் அப்படியே நின்னுருச்சு, ஐயாவும் சட்டுனு பதில் சொல்லல. அடுத்த வாரம் அஞ்சுல இருந்து ஏழாம் வசனம் வரைக்கும் திரும்ப வாசிச்சோம். வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளுக்கு கல்யாணம் பண்ணுங்க, உங்கள சிறையாக்கிட்டு போன அந்த ஊரோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு இருக்கு. எதிரி ஊருக்காக! மகன் ரியாத்ல வேலை பாக்குற ஒரு அக்கா, இத்தன வருஷமா மகன சீக்கிரம் கூட்டிட்டு வாங்கன்னு மட்டும்தான் ஜெபம் பண்ணேன், இப்ப அந்த ஊருக்கும் அவன் முதலாளிக்கும் சேத்து பண்றேன்னு சொன்னாங்க. எனக்கு இது பரிசுப் போட்டில நூறு வசனம் ஒப்பிக்கிறத விட பெருசா தெரியுது. இந்த வருஷம் கார்டுக்கு பின்னாடி "அதிகாரம் முழுசும் வாசிங்க"ன்னு அச்சடிச்சோம், வசனத்த எடுத்தோமா போனோமான்னு இல்லாம இது என்ன ஹோம்வொர்க்கான்னு சிலபேரு முனகுனாங்க, அது காதுல விழுந்துச்சு, ஆனா அடுத்த வருஷமும் அடிப்போம்.

சங்கீதத்துல 88 வாசிச்ச வாரம் பத்தியும் சொல்லணும். மத்த புலம்பல் சங்கீதம் முக்கால்வாசி கடைசில துதியா மாறிரும், இது கடைசி வரைக்கும் மாறவே மாறாது. போன வருஷம் வீட்டுக்காரர இழந்த அக்கா ஒருத்தங்க, இப்படியும் ஜெபம் பண்ணலாமான்னு கேட்டுட்டு அழுதுட்டாங்க, அதுவரைக்கும் எல்லாரும் அவங்ககிட்ட தைரியமா இருங்க, விசுவாசமா இருங்கன்னுதான் சொல்லிட்டு இருந்தோம். அதுக்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை கூட அவங்க தவறல.

அக்டோபர்ல ராத்திரி வேன் புடிச்சு தரங்கம்பாடி போனோம். அப்ப டேனிஷ்காரங்க கைல இருந்த ஊரு, 1706 ஜூலை 9ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் வந்து எறங்குனது அங்கதான். புதிய ஏற்பாட தமிழ்ல மொழிபெயர்க்க ஆரம்பிச்ச 1708லயே அங்க இருந்த டேனிஷ் கவர்னர் அவர புடிச்சு நாலு மாசம் கோட்டைல அடைச்சு வச்சிட்டாரு. ஜெர்மனில ஹாலேல இருந்து வந்த தமிழ் எழுத்து ரொம்ப பெருசா இருந்ததால பேப்பர் தாங்காதுன்னு இங்கயே சின்ன எழுத்தா வார்த்து, 1715ல புதிய ஏற்பாடு அச்சடிச்சு முடிச்சாங்க. பழைய ஏற்பாட்டுல ரூத் வரைக்கும் முடிச்ச நிலைல 1719ல இறந்துட்டாரு, வயசு 36தான். மீதிய அவருக்கு அப்புறம் வந்த மிஷனரி ஷுல்ட்ஸ் ஐயர் முடிச்சாரு. சீகன்பால்க் ஐயர் கல்லறை அவரே கட்டுன புது எருசலேம் ஆலயத்துலதான் இருக்கு. வாலிப பசங்க கடல்ல குளிக்கத்தான் வந்தாங்கன்னு நெனச்சேன், ஆனா நாம ரூத்த அப்பதான் முடிச்சிருந்ததால "அண்ணே, இவரு நம்ம புக்குலதான் நிப்பாட்டியிருக்காரு"ன்னு அவங்களே வந்து சொன்னாங்க.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்துல ஒரு சாயங்காலம் மாற்கு சுவிசேஷம் மொத்தம் 16 அதிகாரத்தையும் ஒரே மூச்சுல வாசிச்சோம், ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் ஆச்சு. அத்தனையும் "உடனே உடனே"ன்னு ஓடுது, துண்டு துண்டா வாசிக்கும்போது இது தெரியவே இல்ல. கண்ணு தெரியாத தாத்தா பாட்டிமாருக்கு வாலிபர் சங்கம் போன்ல ஆடியோ வேதாகமம் ஏத்திக் குடுத்தாங்க. பழைய மொழிநடை புரியலன்னு சொன்ன பசங்களுக்கு 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பும் கூட வச்சு வாசிக்க ஐயா சரின்னு சொல்லிட்டாரு. லீவுல பிள்ளைகளுக்கு நடத்துற விபிஎஸ், வினாடிவினா எல்லாம் வழக்கம்போல.

டீயும் சுண்டலும் பாத்துக்கிட்ட பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நன்றி. ஆனா அது அவங்க வேலைன்னு எழுதி வைக்கல, ஆம்பளைங்களும் முறை எடுக்கணும்னு கமிட்டில தீர்மானம் போட்டாச்சு, லிஸ்ட் நோட்டீஸ் போர்டுல இருக்கு.

அடுத்த வருஷம் யோபு. ஜூன் முதல் வெள்ளி ஆரம்பம், முதல் ரெண்டு அதிகாரத்த வீட்ல வாசிச்சிட்டு வாங்க, மூணுல இருந்து சேந்து வாசிப்போம். போன்ல பாக்குறவங்க நோட்டிபிகேஷன ஆஃப் பண்ணிருங்க, முடிஞ்சா புக்கும் ஒரு பென்சிலும் கொண்டு வாங்க.

இப்படிக்கு,
செயலாளர்