‘தானே போய்விடும்’ என்ற பதிலைப் பற்றி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எட்டு வயது மகன் எந்நேரமும் வாள், பீரங்கி, டைனோசர் என்று வரைந்துகொண்டே இருக்கிறான், என்ன செய்வது என்று சென்ற இதழின் ஆலோசனைப் பகுதியில் ஒரு தாய் கேட்டிருந்தார். ‘ஆண் பிள்ளைதானே, கவலைப்படாதீர்கள், மைதானத்துக்கு அனுப்புங்கள், வயது ஏற ஏறப் படம் வரையும் பழக்கம் தானே போய்விடும்’ என்று உங்கள் ஆலோசகர் பதில் எழுதியிருந்தார். தானே போவதற்கு அது என்ன ஜலதோஷமா, ஐயா?

31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஒருமுறை, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் வரைதாளை அவனுடைய வகுப்பாசிரியை பதற்றத்தோடு என்னிடம் கொண்டுவந்தார். தாள் முழுவதும் பென்சிலால் கறுப்பாகத் தேய்க்கப்பட்டு, இரண்டு இடங்களில் கிழிந்தும் இருந்தது. பையனின் மனத்தில் ஏதோ கோளாறு என்று அவர் முடிவே கட்டிவிட்டார். நல்லவேளையாக, அவன் அதை வரையத் தொடங்கியபோது நான் அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். முதலில் ஒரு கோட்டை வந்தது. கோட்டைக்குள் ஏழு வீரர்கள், ஏழு பேர் இடுப்பிலும் கத்தி. சுவர் கற்சுவர்தான் என்றாலும் உள்ளே நிற்பவர்கள் அத்தனை பேரும் வெளியே தெரிந்தார்கள், ஏனென்றால் அவர்கள் உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியும். பிறகு விமானம் வந்தது. வாயால் சத்தம் எழுப்பியபடியே குண்டு போட்டான். குண்டு விழுந்த இடமெல்லாம் பென்சில் சுழன்றது. கடைசியில் புகை எழுந்து கோட்டையையும் வீரர்களையும் மூடியது. ஆசிரியையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது அந்தப் புகை மட்டுமே. அதற்கு முன் நாற்பது நிமிடம் நடந்த போரைப் பார்க்காதவர்கள், மிஞ்சிய தாளை மட்டும் வைத்துக்கொண்டு பையனுக்கு வைத்தியம் சொல்கிறார்கள்.

சிறுவர்களில் பலருக்கு வரைவது இப்படித்தான். கதை சொல்வதும் விளையாடுவதும் வரைவதும் அவர்களுக்கு ஒரே வேலை. அதே பையன் ஒரு வீடு, ஒரு மரம், மூலையில் சிரிக்கும் சூரியன் என்று வரைந்திருந்தால் ‘எவ்வளவு அழகு’ என்று சுவரில் ஒட்டியிருப்போம். அவன் பீரங்கியை வரைவதால்தான் அந்தத் தாய்க்குக் கவலை, உங்கள் ஆலோசகருக்கு அலட்சியம். ரஷ்யாவின் நோவ்கரோத் நகர அகழாய்வில் 1956-ல் கிடைத்த பூர்ச்ச மரப்பட்டைகளைத் தாங்கள் அறிவீர்கள். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்ஃபிம் என்ற சிறுவன், ஆறு அல்லது ஏழு வயதிருக்கும் என்கிறார்கள், அவற்றில் எழுத்துப் பயிற்சி செய்திருக்கிறான். ஒரு பட்டையில் சில எழுத்துகளோடு அலுத்துப்போய், குதிரை மீதேறி, கீழே கிடக்கும் எதிரியை ஈட்டியால் குத்தும் வீரனை வரைந்து, பக்கத்தில் தன் பெயரையே எழுதிவிட்டான். இன்னொன்றில் ஒரு விலங்கை வரைந்து ‘நான் காட்டு விலங்கு’ என்று எழுதியிருக்கிறான். அது போய்விடும் என்று அவனுடைய தாய்க்கும் யாராவது சொன்னார்களோ என்னவோ. 700 ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்தும் அது போகவில்லை.

நிற்க. வரையும் ஆர்வம் ஒன்பது, பத்து வயதில் பல பிள்ளைகளிடம் குறைவது உண்மை. அதை மறுத்தால் நான் ஆசிரியராக இருந்தவனே இல்லை. ஆனால் அது எப்படிக் குறைகிறது என்பதைத் தங்கள் ஆலோசகர் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். மூன்று, நான்கு வயதில் பெரிய வட்டம் போட்டு அதிலிருந்து நேராக இரண்டு கால்களை இறக்கி ‘அப்பா’ என்று சொன்ன பிள்ளை, ஒன்பது வயதில் தான் வரைந்த குதிரை குதிரை மாதிரி இல்லை என்று முதன்முதலாகக் கண்டுபிடிக்கிறான். அது கண் கூர்மையானதன் அடையாளம். கை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். முன்னால் நிற்பது பின்னால் நிற்பதை மறைக்கும், தொலைவில் உள்ளது சிறிதாகும், ஒளி விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருளும் என்று அந்த வயதில் யாராவது கூட உட்கார்ந்து காட்டினால் பையன் அடுத்த படி ஏறிவிடுவான். காட்ட வேண்டிய பாடவேளையில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? வாரத்துக்கு ஒன்றாக இருந்த ஓவியப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் ‘இந்த ஒரு வாரம் மட்டும்’ என்று வாங்கிக்கொள்வார். அப்படி அவர் வாங்கிய வாரங்களை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன். ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்த பிறகு ‘எனக்கு வராது சார்’ என்று பென்சிலைக் கீழே வைத்த பையன்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ‘தானே’ போயிற்றாம்.

என் தந்தையாரும் இதே கொள்கை உடையவர்தான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் நான் வரைந்திருந்த ரயில் எஞ்சின்களைக் கண்டு, ஒரு வார்த்தையும் திட்டாமல், அந்தப் பக்கங்களை மட்டும் மடித்துக் கிழித்து அடுப்பு மூட்டக் கொடுத்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

நரம்பணுக்களின் அமைப்பை ஆராய்ந்து 1906-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹாலின் சிறுவயதுக் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. ஓவியத்தின் மீது வெறிகொண்ட மகனை மருத்துவராக்க நினைத்த தந்தை, தேவாலயத்துச் சுவருக்கு வெள்ளையடிக்க வந்திருந்த ஒருவரிடம் அவன் படத்தைக் காட்டித் தீர்ப்புக் கேட்டார். வெறும் கிறுக்கல் என்று தீர்ப்பும் வந்தது. அந்தப் பையன் பிற்காலத்தில் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த நரம்பணுப் படங்களை அறிவியல் உலகம் இன்றும் எடுத்தாள்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: அந்த வெள்ளையடிப்பவராவது படத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

தங்கள் இதழின் மீதே எனக்குச் சில பழைய மனக்குறைகள் உண்டு. சிறுவர் பக்கத்தில் ‘ஓவியப் போட்டி’ என்று தலைப்பிட்டு, யாரோ வரைந்து முடித்த கிளிக்கு வண்ணம் மட்டும் தீட்டச் சொல்கிறீர்கள். கோட்டைத் தாண்டாமல் தீட்ட வேண்டும் என்று விதி வேறு. கோட்டைத் தாண்டாதவனுக்குப் பரிசு, தானாகக் கோடு போடுபவனுக்கு மைதானம்! கதைகளுக்குப் படம் வரைபவரின் பெயர் முன்பெல்லாம் கதாசிரியர் பெயருக்குக் கீழே இருக்கும். இப்போது அதையும் காணோம். படம் வரைந்து பிழைப்பவர் என்று ஒருவர் உலகில் இருப்பதே தெரியாமல் வளரும் சிறுவனுக்கு, அது தனக்கும் உரிய வேலை என்று எப்படித் தோன்றும்? இதைப் பற்றி முன்னர் இரண்டு கடிதங்கள் எழுதினேன். அவை வெளிவராததை இடநெருக்கடி என்று எடுத்துக்கொண்டேன்.

இத்தனையும் எழுதிவிட்டு நான் கேட்பது சிறிய விஷயம். அடுத்த இதழில் கிளியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் அச்சிடுங்கள். அதில் எதை வரைய வேண்டும் என்று எழுத வேண்டாம். முடிந்தால் அந்தத் தாய்க்கு ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்: மகன் வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ‘இவன் யார், அடுத்து என்ன ஆகும்?’ என்று கேட்கச் சொல்லுங்கள்.

வரைபவர்களின் பெயரைப் போடாத இதழுக்கு வரையக் கற்றுக்கொடுத்தவனின் பெயரும் வேண்டியிருக்காது என்பதால், கையொப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்