மருத்துவர் சங்கங்களில் செயலாளரும் பொருளாளரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவர் சங்கங்களின் தலைமைப் பொறுப்புகள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தலைவருக்கு வேண்டிய தகுதிகளை விரிவாகச் சொன்ன கட்டுரை, செயலாளரையும் பொருளாளரையும் ஒரே வரியில் கடந்து சென்றது வருத்தமளித்தது. மருத்துவர் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்தவன் என்ற முறையில், சங்கத்தின் மானம் காப்பாற்றப்படுவதும் கப்பலேறுவதும் பெரும்பாலும் இந்த இருவரின் மேசையில்தான் என்பதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தலைவர் என்ற சொல்லே எல்லாச் சங்கங்களிலும் ஒரே பொருளில் வழங்குவதில்லை. 1832இல் தோன்றிய பிரிட்டிஷ் மருத்துவ சங்கத்தில் தலைவர் பதவி பெரிதும் கௌரவப் பதவி. சங்கத்தின் குரலாக வெளியில் பேசுபவர், அதன் நிர்வாகக் குழுவான கவுன்சிலின் தலைவர். 1847இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மருத்துவ சங்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஓராண்டு அடுத்த தலைவராகவும், ஓராண்டு தலைவராகவும், மேலும் ஓராண்டு முந்தைய தலைவராகவும் இருக்கிறார். ஆனால் கொள்கையை வகுப்பது பிரதிநிதிகள் அவை. ஒரு மருந்தைப் பற்றியோ தடுப்பூசியைப் பற்றியோ தலைவர் சொல்லும் வாக்கியத்தை மக்கள் ஒட்டுமொத்த மருத்துவர்களின் வாக்காகவே எடுத்துக்கொள்வார்கள் என்பதால், அது அவருடைய சொந்தக் கருத்தா, கூடி எடுத்த தீர்மானமா என்று பிரித்துக் காட்டும் பொறுப்பு அவருக்கு உண்டு. தீர்மானம் என்ன என்பதற்குச் சான்று நடவடிக்கைக் குறிப்பேடு ஒன்றே. அது செயலாளரின் கையில் இருக்கிறது.

நான் பொறுப்பேற்ற நாளில் எனக்குத் தரப்பட்டவை கயிறு கட்டிய இரண்டு கோப்புகளும் ஒரு குறிப்பேடும். புரட்டிப் பார்த்தால், ஐந்து கூட்டங்களுக்கு உரிய பக்கங்களில் தேதியும் வந்தவர்களின் கையெழுத்தும் மட்டுமே இருந்தன. என்ன பேசினார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த மாதங்களில்தான் நோயாளி ஒருவரின் குடும்பத்தார் எங்கள் உறுப்பினர் ஒருவர்மீது எழுத்துமூலம் புகார் அளித்திருந்தார்கள். அது ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பப்பட்டுவிட்டதாகச் செயற்குழு நினைத்திருந்தது. குழுவோ, அப்படியொரு புகார் தங்களுக்கு வரவே இல்லை என்றது. அந்தக் குடும்பம் இரண்டு ஆண்டுகள் பதிலுக்காகக் காத்திருந்தது. அவர்களுக்கு நான் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை நான்கு முறை கிழித்துப்போட்டுத் திரும்ப எழுதினேன். புகார் உண்மையா, மருத்துவர்மீது தவறு உண்டா என்பதெல்லாம் அப்புறம். முதல் பதிலே போகாமல் நின்றதற்கு நாங்கள் எழுதாமல் விட்ட ஒரு பக்கம்தான் காரணம்.

பொருளாளரின் நிலை இதைவிடக் கடினமானது. மாநாடுகளுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் மருந்து நிறுவனங்களின் பணம் வருகிறது; அதை யார் பெயரில், எந்த நிபந்தனையில் வாங்குகிறோம் என்று கேட்க வேண்டியவர் அவர். 1997இல் அமெரிக்க மருத்துவ சங்கம் சன்பீம் என்ற நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தை இங்கே நினைவூட்டுகிறேன். ரத்த அழுத்தமானி, சூடேற்றும் பட்டை முதலிய வீட்டு உபயோகக் கருவிகள்மீது சங்கத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், விற்பனையில் சங்கத்துக்குப் பங்கு உண்டு என்பது ஏற்பாடு. அந்தக் கருவிகளைச் சங்கம் சோதித்துப் பார்க்கப்போவதில்லை. உறுப்பினர்களிடமிருந்து கடும் எதிர்ப்புக் கிளம்ப, சங்கம் பின்வாங்கியது. நிறுவனம் வழக்குப் போட்டது. 1998இல் 99 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. உயர் பொறுப்பிலிருந்த அலுவலர்கள் சிலர் பதவியை விட்டுச் சென்றார்கள். நூற்றைம்பது ஆண்டு காலம் சேர்த்த நம்பிக்கையை ஒரு நிறுவனத்தின் அட்டைப் பெட்டிமேல் அச்சிடலாமா என்ற கேள்வியைக் கையெழுத்துக்கு முன்பே ஒருவர் உரத்துக் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும்.

காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்ற விதியும் இதற்காகவே இருக்கிறது. வெளியூர் போகிறவர் நிரப்பாத காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்துவிட்டுப் போனால், அந்த விதி இருந்தும் இல்லாததுதான். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். இரவெல்லாம் மனம் உறுத்த, மறுநாள் காலையில் போய்த் திரும்ப வாங்கிக் கிழித்தேன்.

என் கோரிக்கைகள் எளியவை. இப்பதவிகளுக்குப் போட்டியிடுவோர், தங்களுக்கு எந்தெந்த நிறுவனங்களோடு பணத் தொடர்பு உண்டு என்பதை வேட்புமனுவிலேயே எழுதித் தர வேண்டும். தொடர்புள்ள பொருள் விவாதத்துக்கு வரும்போது அவர் வெளியே சென்று அமர வேண்டும்; சென்றார் என்பதும் குறிப்பேட்டில் ஏற வேண்டும். தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, பொதுக்குழு கலையும் நேரத்தில் கையில் திணிக்கப்படாமல், படித்துக் கேள்வி கேட்க அவகாசம் இருக்கும்படி உறுப்பினர்களுக்கு முன்னரே வந்து சேர வேண்டும். பொறுப்பு ஒப்படைப்பு, மாலையும் பொன்னாடையுமாக முடிந்துவிடாமல், நிலுவையில் உள்ள ஒவ்வொரு புகாரையும் கடிதத்தையும் பட்டியலிட்டு, பழையவரும் புதியவரும் ஒப்பமிடும் வேலையாக நடக்க வேண்டும்.

தேர்தல் காலத்தில் தலைவர் பதவிக்கு நிற்பவர்களின் பேட்டிகளை வெளியிடும் தங்கள் இதழ், இனி செயலாளர், பொருளாளர் பதவிகளுக்கு நிற்பவர்களிடமும் இவை குறித்துக் கேட்டுப் பதிலை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மருத்துவர் சங்கம் ஒன்றின் முன்னாள் செயலாளர்