டிப்போவில் கிடைத்த பதிவேடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

விவசாயிகளுக்கு விதையும் உரமும் கொடுக்கும் நம் அரசு வேளாண்மைக் கிடங்கை, அதான் அக்ரி டிப்போவை, காலி செய்கிறார்கள் என்று போனில் சொன்னபோது, "பழைய கட்டடம்தானே அப்பா, எதற்கு இவ்வளவு வருத்தம்?" என்று கேட்டாய். அன்று தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய பதிவேடுகளைப் பிரித்து அடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நீ விதை மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாயே, அந்த அறையில்தான் மூன்று நாள் இருந்தேன். அலமாரியின் அடித்தட்டில் உன் தாத்தாவின் கையெழுத்தில் ஒரு பதிவேடு!

1960இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கென்று நாட்டில் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் நம் தஞ்சாவூரும் ஒன்று. ஊரார் அதைப் 'பேக்கேஜ் திட்டம்' என்பார்கள். விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்தே கொடுக்கும் ஏற்பாடு. தாத்தா அப்போது கிராம சேவக், ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு வழிகாட்டும் அரசு ஊழியர். யாருக்கு எத்தனை படி விதை, என்றைக்கு நாற்று விட்டார், என்றைக்கு நட்டார் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் ஆடுதுறை 27.

அந்த நெல்லின் பிறப்பை உனக்குச் சொல்ல வேண்டும். 1922இல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் அதற்கு. தாய் தந்தையரில் ஒன்று ஜப்பானின் நோரின் 10. நோரின் என்றால் அங்கே வேளாண்மை, வனம் என்று பொருள், அந்தத் துறையின் பெயர். மற்றொன்று கோயம்புத்தூரில் உருவான ஜி.இ.பி. 24, 'கவர்ன்மென்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட்' என்ற பதவியின் முதலெழுத்துகள். ஆக, மூன்று பெயருமே அரசு அலுவலகங்கள் தந்தவை. யாரோ ஒரு தனி மனிதர் தன் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நூற்றைந்து நாளில் விளையும் அந்த நெல்தான் குறுவை என்ற குறுகிய காலச் சாகுபடிக்குக் கைகொடுத்தது.

விதைநேர்த்தியை எனக்குக் கற்றுத்தந்தவரும் தாத்தாதான். வாளித் தண்ணீரில் ஒரு கோழிமுட்டையைப் போட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பார். முட்டை மேலெழும்பி, நாலணா அளவுக்கு வெளியே தெரிந்ததும் உப்பை நிறுத்திவிடுவார். பிறகு விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும், மணி தங்கும். தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசச் சொல்வார். உப்பு நின்றால் முளைப்பு கெடும். எத்தனையோ வாசலில் நானும் அதைச் செய்து காட்டியிருக்கிறேன். கருவி எதுவும் வேண்டாம், முட்டை எல்லார் வீட்டிலும் இருக்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாழ்ந்த வயல்காரர் ஒருவரிடம், வெள்ளம் தாங்கி உயரமாக வளரும் பழைய நெல்லான காட்டுயானத்தை விட்டுவிட்டுக் குட்டை ரகம் போடுங்கள் என்று வற்புறுத்தினேன். "தண்ணீர் ஏறினால் உங்கள் நெல் தலை தூக்குமா தம்பி?" என்று கேட்டார். நான் சமாதானம் சொன்னேன். அந்த ஐப்பசி மழையில் வயல் முழுகிற்று. பயிர் எழவில்லை. கொடுத்த விதைக்குப் பதிவேட்டில் கட்டம் உண்டு. ஊர் கைவிட்ட விதைக்கு இல்லை. அவர் கேட்ட கேள்வியையும் நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. இன்று வரை உறுத்துகிறது.

இந்த முறை அதை எழுதிவிட்டேன். தாத்தாவின் பதிவேட்டில் கடைசி இரண்டு தாள் வெறுமையாக இருந்தது. அலுவலரிடம் கேட்டுக்கொண்டு, என் நினைவில் உள்ள பழைய ரகங்களையும், எந்த வயலுக்கு எது தாங்கும் என்பதையும் அதில் எழுதினேன். புதுக் கட்டடத்தில் பத்திரமாக வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நட்ட தேதிக்கு நேரே ஓரத்தில் பென்சிலில் எழுதியிருப்பதைப் பெரிதாக்கிப் பார். எல்லா வரியிலும் ஒரே சொல்தான்: 'நேரில் பார்த்தேன்.'

அன்புடன்,
அப்பா