லோட்ஸ் என்று சொல்வதற்கு முன்னால்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் நிம்மதி. மீனாவுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், என் வாழ்த்தைச் சொல்லிவிடு.

சரி, பிராகில் நீ வாங்கிய பூஜாடிக்கு வருகிறேன். கடைக்காரர் அதை லோட்ஸ் என்றாராமே, அதாவது பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) இருந்த அந்தப் புகழ்பெற்ற கண்ணாடிப் பட்டறை செய்தது என்று. பொஹீமியக் கண்ணாடியில் வானவில் மினுக்கம் கொஞ்சம் தெரிந்துவிட்டால் போதும், எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. க்ராலிக், ரிண்ட்ஸ்கோஃப், பால்மே-கோனிக், ஹாராக் என்று எத்தனையோ பட்டறைகளில் நெருப்பின் முன் நின்று ஊதியவர்களின் வேலை, அடுத்த பட்டறையின் கணக்கில் போய்ச் சேருகிறது.

முதலில் நிறத்தை மறந்துவிட்டு வடிவத்தைப் பார். லோட்ஸ் பட்டறையில் ஒவ்வொரு வடிவத்துக்கும் காகிதத்தில் அசல் அளவிலேயே பாதி உருவத்தை வெட்டி, எண் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றில் ஆயிரக்கணக்கானவை தப்பிப் பிழைத்து, 1989இல் அச்சிலும் வந்துவிட்டன. ஜாடியின் கழுத்து எங்கே ஒடுங்குகிறது, தோள் எங்கே விரிகிறது என்று அந்தக் கோட்டோடு ஒப்பிடலாம். அலங்காரம் மட்டும் பொருந்தி வடிவம் எங்குமே கிடைக்கவில்லை என்றால் நான் சந்தேகப்படத்தான் செய்வேன், ஏனென்றால் விற்பனையாகும் அலங்காரத்தை அப்போது எல்லோருமே காப்பியடித்தார்கள். லோட்ஸின் க்ளோஸ்டர்மூலெயும் க்ராலிக்கின் எலியோனோரன்ஹைனும் ஒரே பொஹீமியக் காட்டு மலைப்பகுதியில் இருந்த ஊர்கள், ஒரு பட்டறையில் புதிதாக வந்தது அடுத்ததற்குத் தெரிய எவ்வளவு நாளாகும்?

உன் ஜாடியில் இருக்கிற வெள்ளிப் பொட்டுகளையே எடுத்துக்கொள். லோட்ஸ் இதற்கு வைத்த பெயர் பாப்பியோன். சூடான கண்ணாடியை, வெள்ளி கலந்த பொடித் துணுக்குகளின் மேல் உருட்டி எடுத்து, பிறகு உலோக உப்பின் ஆவியைக் காட்டி மினுக்கம் ஏற்றுவார்கள். நல்ல பாப்பியோனைச் சன்னல் பக்கம் வைத்து மெல்லத் திருப்பினால் பொட்டுகள் நெருக்கமாக, ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நிற்கும். வெள்ளி நீலமாகும், நீலம் ஊதாவாகும். ஆனால் இதே மாதிரிப் பொட்டுகளை மற்ற பட்டறைகளும் போட்டிருக்கின்றன, அதனால் பொட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

இரண்டாவது படத்தில் இருக்கும் சிறிய கிண்ணம்தான் என்னை இழுத்தது. மேலே கண்ணாடி நூல் வலைபோல ஓடுகிறதே, அதைக் கட்டைவிரலால் தடவிப் பார். நூல் மேடாகத் தட்டுப்பட்டு, ஒழுங்கில்லாமல் குறுக்கும் நெடுக்குமாகப் போனால், வட பொஹீமியாவில் டெப்லிட்ஸ் பக்கத்துக் கோஸ்டனில் இருந்த பால்மே-கோனிக் நினைவுக்கு வரும். அந்த ஊரிலேயே ரிண்ட்ஸ்கோஃபுக்கும் பட்டறை இருந்தது, க்ராலிக்கும் நூல் சுற்றியிருக்கிறார்கள். அதனால் மறுபடியும் வடிவத்திடம்தான் போக வேண்டும்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். லோட்ஸ் செய்ததில் பெரும்பங்குக்குக் கையெழுத்தே கிடையாது. ‘லோட்ஸ் ஆஸ்திரியா’ என்று பொறித்தவை (பொஹீமியா அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது) பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போனவை. 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சட்டப்படி, இறக்குமதிச் சரக்கில் அது வந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும். பின்னாளில் யாரோ கீறிச் சேர்த்த போலிக் கையெழுத்துகளும் சந்தையில் சுற்றுகின்றன. அடியில் ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்று முத்திரை இருந்தால் அந்த நாடு உருவான 1918க்குப் பிந்தையது, இதில் குழப்பமே இல்லை. உன் தங்கையிடம் இருக்கிற, ஆரஞ்சு உடலும் கறுப்பு விளிம்புமான ஜாடியும் அந்தக் காலத்ததாக இருக்கலாம். அந்தச் சேர்க்கையில் லோட்ஸுக்காக வியன்னா வடிவமைப்பாளர் மிகாயேல் போவோல்னி 1914 வாக்கில் வடிவமைத்தவை உண்டு, முதல் உலகப் போருக்குப் பிறகு பலரும் அந்த நிறங்களை எடுத்துக்கொண்டார்கள்.

ஜாடிக்கு அடியில், செய்யும்போது தாங்கிப் பிடித்த இரும்புக் கோலிலிருந்து பிரித்த இடம் மெருகேற்றி இருக்கிறதா, விளிம்பு நெருப்பில் உருண்டதா அல்லது சாணை பிடித்ததா என்று பார்த்து எழுது. உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து, கண் மட்டத்தில் நேராக ஒரு படம் எடுத்து அனுப்பு, மேலிருந்து சாய்த்து எடுத்தால் வடிவம் மாறித் தெரியும். அதுவரை எங்காவது குறித்துவைப்பதாக இருந்தால் ‘பொஹீமியா, 1900 வாக்கில்’ என்று மட்டும் போடு. அப்புறம், கோடையில் ஜெர்மனியில் இருக்கிற பஸாவ் கண்ணாடி அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறேன், லோட்ஸ் அங்கே நிறைய இருக்கிறது. நீயும் வருகிறாயா? தேதியைச் சீக்கிரம் சொன்னால் ரயில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும்.

அன்புடன்,
ரவி